காண்பவரும் கண்காணிப்பவரும்

ஆங்கிலத்தில் அறிக்கையோ விண்ணப்பமோ எழுதப் புகும் நம்மவர், பிறருடைய காரியத்தைப் பார்த்திருக்கும் பொறுப்புள்ள ஒருவரைக் குறிப்பிட நேரும்போதெல்லாம், சூப்பர்வைசர் என்ற ஒரே சொல்லை எடுத்து வைத்துவிட்டு மேலே நகர்ந்துவிடுகிறார்கள். பரீட்சை மண்டபத்தில் வரிசைகளுக்கிடையே உலவுகிறவரும், பஞ்சாலையில் இரவு ஷிப்டைப் பார்த்துக்கொள்கிறவரும், தேர்தல் காலத்தில் வெளி மாநிலத்திலிருந்து அனுப்பப்பட்டு வருகிறவரும், பாலம் கட்டுமிடத்தில் சிமெண்டுக் கலவையைச் சோதிக்கிறவரும் அவர்கள் எழுத்தில் ஒருவராகவே ஆகிவிடுகிறார்கள். ஆங்கிலமோ இவ்விஷயத்தில் மிகுந்த நுட்பம் வாய்ந்த மொழி. அப்சர்வர், மானிட்டர், இன்விஜிலேட்டர், அம்பயர், ரெஃபரி, ஓவர்சீயர், ஆடிட்டர், சென்சார் என்று அது வழங்கும் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பவை அல்ல. கல்லூரியில் நெடுங்காலம் ஆங்கிலக் கட்டுரை வகுப்பு நடத்தியவன் நான். இவற்றுள் எதை எங்கே பிரயோகிப்பது என்று மாணவர் கேட்ட போதெல்லாம் நான் சொல்லிவந்த விதி ஒன்றுதான்: தவறு ஒன்றைத் தம் கண்ணால் கண்டபின் அந்த மனிதருக்கு என்ன செய்ய அதிகாரம் உண்டு என்று முதலில் விசாரித்துக்கொள், அது தெரிந்துவிட்டால் சொல் தானே வந்து சேரும்.

இன்விஜிலேட்டரை எடுத்துக்கொள்வோம். விழித்திருத்தல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல்லுக்குரியவரை நம் பொதுத்தேர்வுகளில் அறைக் கண்காணிப்பாளர் என்கிறோம். முத்திரையிட்ட வினாத்தாள் கட்டை மாணவர் முன்னிலையில் பிரிப்பதும், விடைத்தாளின் முகப்பில் பதிவெண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையொப்பமிடுவதும், வராதவர் கணக்கை எழுதுவதும், கடைசி மணி அடித்ததும் தாள்களை வரிசைப்படி வாங்கி எண்ணி ஒப்படைப்பதும் அவர் கடமை. கண் அயராதிருத்தலே அவருடைய தொழில். தீர்ப்புச் சொல்லுதல் அன்று.

நான் அப்பணியில் நின்ற ஒரு பிற்பகலில், ஒரு மாணவன் சட்டைக் கையின் மடிப்பிலிருந்து விரல் அகலத்துக்கு மடித்த பிட்டுக் காகிதத்தை எடுத்து விடைத்தாளின் கீழே செருகுவதைக் கண்டேன். அருகே போய்க் கையை நீட்டினேன். அவன் ஒரு வார்த்தையும் பேசாமல் அதைக் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேஜைமீது வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த வேண்டுகோள் எனக்கு விளங்காமலில்லை. ஆயினும் அவனை மன்னிக்கும் உரிமை எனக்கு இல்லை. தண்டிக்கும் உரிமையும் இல்லை. காகிதத்தையும் விடைத்தாளையும் சேர்த்து முதன்மைக் கண்காணிப்பாளரிடம் அனுப்பி, கண்டது இன்னது என்று நாலு வரி எழுதிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. இன்விஜிலேட்டர் என்ற சொல்லின் எல்லையும் அவ்வளவே. தனக்கு இல்லாத அதிகாரத்தைக் கையில் எடுக்காத அந்த அடக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அமெரிக்கர் இவரையே ப்ராக்டர் என்கிறார்கள். ஆக்ஸ்போர்டிலோ ப்ராக்டர் என்பவர் மாணவர் ஒழுக்கத்தை விசாரித்துத் தண்டம் விதிக்கும் பல்கலைக்கழக அதிகாரி. பழைய இலங்கையில் ப்ராக்டர் என்றால் வழக்கறிஞர். யாழ்ப்பாணத்தார் பிரக்கிராசியார் என்று மரியாதையோடு அழைத்தது அவரைத்தான். ஆகவே ப்ராக்டர் என்று எழுதுகிறவர், எந்த ஊர் வாசகருக்காக எழுதுகிறோம் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

விளையாட்டு மைதானத்துக்கு வந்தால் இந்த நுட்பம் இன்னும் அழகாகப் புலப்படும். நாம் நடுவர் என்ற ஒரு சொல்லால் குறிக்கும் மனிதரை ஆங்கிலேயர் கிரிக்கெட்டில் அம்பயர் என்றும் கால்பந்தில் ரெஃபரி என்றும் பிரித்து வழங்குகிறார்கள். அம்பயர் என்பது இரு கட்சிக்கும் இணையாகாத மூன்றாமவன் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. ரெஃபரி என்பவர், விவகாரம் யாரிடம் கொண்டுபோகப்படுகிறதோ அவர். கால்பந்தின் ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கட்சியும் தனக்கென ஓர் அம்பயரைக் கொண்டுவந்தது. அவ்விருவரும் உடன்படாதபோது மட்டும், எல்லைக்கு வெளியே இருந்த ரெஃபரியிடம் முறையிட்டார்கள். 1891ஆம் ஆண்டில்தான் ரெஃபரி மைதானத்துக்குள் அழைக்கப்பட்டார். அம்பயர்கள் கோட்டோரத்துக்கு ஒதுங்கினார்கள். இன்றைய கால்பந்து ரெஃபரி எவர் கேட்கவும் காத்திராமல் தாமே ஊதலை ஊதி ஆட்டத்தை நிறுத்துகிறார்.

கிரிக்கெட் அம்பயரின் சுபாவம் வேறு. நோ-பாலையும் வைடையும் அவர் தாமாகவே அறிவிப்பார் என்பது உண்மைதான். ஆனால் மட்டையாளர் அவுட்டானது அவருக்குத் தெள்ளத் தெளியத் தெரிந்திருந்தாலும், எதிர்க்கட்சியார் வாய் திறந்து முறையிடாத வரையில் அவர் விரலை உயர்த்த விதி இடம் கொடுப்பதில்லை. பந்து மட்டையின் ஓரத்தை உராய்ந்து சென்றதைப் பார்த்தும், கேட்பாரில்லாததால் வெள்ளைக் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு அடுத்த பந்துக்குக் காத்து நிற்கும் அம்பயரைக் காணும்போதெல்லாம், அதிகாரத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடும் சாத்தியமா என்று என் மனம் நெகிழும்.

மூன்றாமவனாக இருத்தல் என்ற தகுதியை அந்த விளையாட்டே வெகுகாலம் மறந்திருந்தது. சொந்த நாட்டு அம்பயர்களே சொந்த மண்ணின் டெஸ்ட் ஆட்டங்களில் நின்றார்கள். அவர்கள் நேர்மையாளராக இருந்தும் சந்தேகம் தீரவில்லை. 1986இல் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் லாகூரில் ஆடியபோது, இரு கட்சியையும் சாராத ராமசாமி, ரிப்போர்ட்டர் என்ற இந்தியர் இருவர் அழைக்கப்பட்டு நின்றது அச்சொல்லின் பழைய பொருளுக்கு உயிர் கொடுத்த காரியம் என்பது என் அபிப்பிராயம். சுழற்பந்து வீச்சாளராகப் புகழ்பெற்ற நம் சென்னை வெங்கடராகவன் பின்னாளில் 73 டெஸ்ட் ஆட்டங்களில் அம்பயராக நின்றதும் இந்த மாறுதலுக்குப் பிறகே. கிரிக்கெட்டில் 1991 முதல் மாட்ச் ரெஃபரி என்று ஒருவரும் உண்டு. அவர் எவரையும் அவுட் கொடுப்பதில்லை, ஆட்டக்காரரின் நடத்தையை விசாரிக்கிறார். டென்னிஸிலும் உயர்ந்த நாற்காலியில் அமர்கிறவர் அம்பயர். அவருக்கு மேற்பட்ட ஸ்தானம் ரெஃபரியினுடையது.

விளையாட்டில் இச்சொற்கள் மாறிப்போனால் நஷ்டம் சொற்பம். யுத்த சமாதான விவகாரங்களில் மாறிப்போனால் மனிதருடைய உயிரும் நம்பிக்கையும் அதில் அகப்பட்டுக்கொள்கின்றன. 1949 ஜனவரியில் காஷ்மீரத்துக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் இராணுவ அதிகாரிகள், தங்கள் குழுவின் பெயரிலேயே அப்சர்வர் என்ற சொல்லைத் தாங்கி வந்தார்கள். ஆயுதமின்றிச் சென்று விசாரிப்பதும், கண்டதை எழுதி மேலிடத்துக்கு அனுப்புவதும் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லை; சொல்லும் அதற்குமேல் எதையும் வாக்களிக்கவில்லை. அதை நான் நேர்மையான பெயர் என்பேன்.

1954ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளின்படி வியட்நாமில் ஏற்பட்ட சர்வதேசக் குழுவின் கதை வேறு. இந்தியா தலைமை வகிக்க, கனடாவும் போலந்தும் அங்கம் வகித்த அக்குழுவின் பெயரில் சூப்பர்விஷன், கன்ட்ரோல் என்ற இரண்டு கனமான சொற்கள் சேர்க்கப்பட்டிருந்தன. மேலிருந்து நடத்தவும் கட்டுப்படுத்தவும் வல்லவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அப்பெயரைக் கேட்ட எவரும் நினைப்பது இயல்பு. ஆனால் கட்டுப்படுத்துவதற்கு அக்குழுவினிடம் படையேதும் இல்லை. வரம்பு மீறியவர் இன்னார் என்று எழுதியனுப்புவதே அவர்களால் இயன்றதெல்லாம். காரியத்தில் அவர்கள் அப்சர்வர்கள்தாம். பெயரோ அவர்கள் தோள்மீது ஆள்வோரின் பாரத்தை ஏற்றியது. பின்னர் அங்கே போர் பெருகியபோது அக்குழுவின்மேல் சுமத்தப்பட்ட பழியில் ஒரு பங்கு அந்தப் பெயருக்கே உரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இலங்கையில் 2002 பிப்ரவரி 22இல் கையொப்பமான போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் மானிட்டர்கள் எனப்பட்டார்கள். தமிழர் அவர்களைக் கண்காணிப்புக் குழுவினர் என்றார்கள். மானிட்டர் என்பது எச்சரிப்பவன் என்னும் லத்தீன் பொருளுடையது. முறைப்பாட்டைக் கேட்டு விசாரித்து, இது மீறல் என்று சொல்லவே அவர்களுக்கு அதிகாரம் உண்டு. மீறியவரைத் தடுக்க இல்லை. காணாமற்போன மகனைப் பற்றி முறையிட ஓர் அலுவலக வாசலுக்கு வந்து நிற்கும் தாய்க்கு, கண்காணிப்பு என்ற தமிழ்ச் சொல் காவல் என்றே கேட்கும். அந்த நம்பிக்கைக்கும் அவர்களுடைய உண்மை அதிகாரத்துக்கும் இடையே இருந்த தூரத்தை அவளுக்கு எடுத்துச் சொல்ல எந்தச் சொல்லும் இல்லை. 2008 ஜனவரியில் அக்குழு கலைந்து போயிற்று.

அப்சர்வர் என்ற சொல்லும் எங்கும் ஒரே பலம் உடையது என்று எண்ணிவிடக் கூடாது. நம் தேர்தல் ஆணையம் அனுப்பும் அப்சர்வருக்கு, 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் சேர்ந்த 20பி பிரிவு விசேஷ அதிகாரம் அளித்திருக்கிறது. வாக்குச்சாவடிகள் பெருமளவில் கைப்பற்றப்பட்டன என்று அவர் கருதினால், எண்ணிக்கையை நிறுத்தும்படியோ முடிவை அறிவிக்க வேண்டாமென்றோ தேர்தல் நடத்தும் அதிகாரிக்கு உத்தரவிடலாம். உடனே ஆணையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது இதை ஒரு வாக்கியத்தில் விளக்காமல் அப்சர்வர் என்று மட்டும் எழுதினால், கைகட்டி நிற்கும் ஒருவரையே அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

மானிட்டருக்குப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பூர்வகதை உண்டு. அதில் நம் சென்னைக்கும் பங்கிருக்கிறது. எழும்பூரில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டு, மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே ஏற்படுத்தி, 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அம்முறை அங்கே பரவி மானிட்டர் முறை என்றும் மதராஸ் முறை என்றும் வழங்கியது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு அதில் புதுமை இராது. உபாத்தியாயர் இல்லாத நேரத்தில் ஏடு சொல்லிக் கொடுப்பதும், சேஷ்டை செய்தவனை அவர் வந்ததும் காட்டிக் கொடுப்பதும் சட்டாம்பிள்ளையின் வேலைகள். எச்சரித்தலும் அறிவித்தலும் அவனுக்கு உரியவை. பிரம்பு அவனுடையது அன்று.

ஓவர்சீயர் என்ற சொல்லைப் பற்றி மனம் கனக்காமல் என்னால் எழுத இயலாது. பொதுப்பணித் துறையில் அது மாசற்ற உத்தியோகப் பெயர். தோட்டங்களிலோ அதன் சரித்திரம் வேறு. அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகள் உழைத்த பருத்தித் தோட்டங்களின் நினைவு இன்றும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்மவர் அதை வேறொரு பெயரில் அனுபவித்தார்கள். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவருக்குரிய கௌரவப் பெயராக விளங்கிய கண்காணி, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் கங்காணியாகி, ஆங்கில அகராதிக்குள்ளும் நுழைந்தது. ஊரிலிருந்து ஆள் சேர்த்தவரும் கங்காணி. வழிச்செலவைக் கடனாகக் கணக்கெழுதியவரும் அவர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு நிறுத்தியவரும் அவரே. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று அவருக்குத் தனிக் காசும் உண்டு. கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று எழுதித் தரும் துண்டுச் சீட்டு, 1921இல் ஒழிக்கப்படும் வரையில் இலங்கையில் தொழிலாளியின் கழுத்தைப் பிடித்திருந்தது. இத்தகைய ஒருவரை இன்றைய சரித்திர நூல்களில் சூப்பர்வைசர் என்று மொழிபெயர்ப்பது, பட்ட துன்பத்தை மூடி மறைக்கும் காரியம். அவரைக் கங்காணி என்றே எழுதி, அவர் அதிகாரம் இன்னது என்று அடியில் விளக்க வேண்டும்.

ஆடிட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணக்கை வாசிக்கக் கேட்டவர் என்பது பழம்பொருள், சரியா தவறா என்று சான்று தருகிறவர் என்பது இன்றைய பொருள். சென்சார் என்ற பெயரை ரோமாபுரியில் தாங்கியவர் குடிகளை எண்ணிக் கணக்கெடுத்ததோடு, ஒழுக்கம் தவறிய பிரபுவை மகாசபையிலிருந்து நீக்கவும் செய்தார். நம் திரைப்படத் தணிக்கைக் குழுவின் ஆங்கிலப் பெயரில் இருந்த சென்சார் என்ற சொல்லை 1983இல் எடுத்துவிட்டுச் சான்றளிப்பு என்ற பொருளுடைய சொல்லை வைத்தார்கள். வெட்டும் அதிகாரம் போகவில்லை. ஆகவே ஜனங்கள் இன்றும் சென்சார் போர்டு என்றே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதே சரி.

நம் மாணவர் கையிலிருக்கும் ஆங்கில–தமிழ் அகராதிகளில் பல, இச்சொற்களில் பாதிக்குமேல் கண்காணிப்பாளர் என்ற ஒரே பொருளைத் தந்துவிட்டு நின்றுவிடுகின்றன. புதிய அகராதி தொகுக்க முன்வரும் பெரியோரை நான் வேண்டிக்கொள்வது இது: தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில், இவர் பார்ப்பவர் மட்டுமா, அறிவிப்பவரா, நிறுத்துபவரா, தீர்ப்பளிப்பவரா என்பதை ஒரு வரியில் சேர்த்து எழுதுங்கள். அகராதி அதனால் சில பக்கங்கள் பெருத்தாலும் பாதகமில்லை.