பாடு இல்லாத நாள்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் நடபடிகள் 21:1–8





கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு தம்பதியர் ஜெபிக்கும்படி கேட்டு என்னிடம் வந்தனர். இருவரும் நம் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் வெவ்வேறு ஆலைகளில் வேலை செய்பவர்கள். கணவருக்கு இரவு ஷிப்ட். மனைவிக்குக் காலை ஷிப்ட். "வாசற்படியிலதான் ஐயா பாத்துக்குறோம். ஒருத்தர் செருப்பைக் கழட்டுற நேரம், இன்னொருத்தர் மாட்டுற நேரம்" என்றார் அந்தச் சகோதரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கணவர் சிரிக்கவில்லை. அவர்களுடைய அனுமதியோடுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

அவர்களுக்காக ஜெபித்து அனுப்பிய பின்பு, பல ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் பழவேற்காட்டு ஏரியில் சென்ற ஒரு படகுப் பயணம் என் நினைவுக்கு வந்தது. அதை நான் இதுவரை பிரசங்க பீடத்தில் சொன்னதில்லை. சொன்னால் அதில் நான் நல்ல போதகனாகத் தெரியமாட்டேன் என்பதே காரணம். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

அது 2010 ஜனவரி. அப்போது இங்கே இன்றிருக்கும் ஆலைகள் எழவில்லை. நம் ஊரின் நீர்த்தேக்கமும் இல்லை. மேய்ச்சல் நிலம் தொழிற்பேட்டைக்குப் போகிறது என்ற பேச்சும் கவலையும் வீட்டுக்கு வீடு இருந்தன. நான் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தேன். காலையில் வீடு சந்திப்பு, மதியம் மருத்துவமனை, மாலையில் உபவாசக் கூட்டம். சந்தித்த வீடுகளை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவைப்பேன். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் மனதுக்கு நிறைவாக இருக்கும்.

எங்கள் திருமண நாள் அந்த மாதத்தில் வருகிறது. என்ன வேண்டும் என்று மனைவியைக் கேட்டேன். அவள் ஏரிக்கரையில் வளர்ந்தவள். "புடவை வேண்டாங்க. ஒரு நாள் படகுல போகலாம். ரொம்ப நாளாப் பாக்காத நாலு முகத்தைப் பாத்துட்டு வரலாம்" என்றாள். மாலை ஆறு மணிக்குச் சபைக் கமிட்டி இருக்கிறது, அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன்.

பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சென்றோம். எங்கள் கூட்டங்களுக்கு வந்துபோகும் மீனவச் சகோதரர் ஒருவர் தம் படகை ஆயத்தமாக வைத்திருந்தார். ஏரி என்று நாம் சொன்னாலும் அது குடிநீர் ஏரி அன்று. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது. கிழக்கே ஒரு நீண்ட மணல் திட்டு அதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. பெரும்பாலான இடங்களில் ஆழம் குறைவு. ஆகையால் எங்கள் சகோதரர் பாதி வழியை நீண்ட கழியால் ஊன்றியே படகைச் செலுத்தினார். குளிர்காலமாதலால் தூரத்தில் பூநாரைகள் நீரில் கூட்டமாக நின்றன.

முதலில் மணல் திட்டில் உள்ள லைட்ஹவுஸ் குப்பத்தில் இறங்கினோம். அங்கிருந்த நண்பர் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் படகையும் வலைகளையும் இழந்தவர். அந்த நாட்களில் அரிசியும் பாயும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன்பின் அவர் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. தேநீர் கொடுத்தார், புதிதாகக் கட்டிய வீட்டைக் காட்டினார், பேரப்பிள்ளையை என் மடியில் வைத்தார். ஜெபித்துவிட்டு எழுந்தேன். மொத்தம் இருபத்தைந்து நிமிடங்கள். நோட்டில் எழுதும் பழக்கத்தினால் நேரத்தைப் பார்த்திருந்தேன்.

மீண்டும் படகில் ஏறி மேற்குக் கரையை நோக்கித் திரும்பினோம். ஏரியின் நடுவில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு என் மனைவி, நீரைப் பார்த்தபடியே, "எல்லார் வீட்டுக்கும் போறீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் போற வழியில வந்துட்டுப் போறீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இரண்டாவதாக இறங்கிய இடம் அண்ணாமலைச்சேரி. அங்கே என் மனைவியின் பள்ளித் தோழி இருந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் தம் கைக்குழந்தையை அடக்கம் செய்திருந்தார். செய்தி கேட்ட அன்று, நாங்கள் ஜெபிக்கிறோம் என்று கைப்பேசியில் ஒரு வரி அனுப்பியிருந்தேன். பொய்யாக அனுப்பவில்லை, உண்மையாகவே ஜெபித்தோம். ஆனால் போகவில்லை. தேர்வாய் கண்டிகையிலிருந்து அவர் வீடு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தூரம்.

வாசலில் எங்களைக் கண்டதும் அவர் அழவில்லை. என் மனைவியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்ப் பாயில் உட்காரவைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஜெபிக்கிறோம்னு அனுப்பியிருந்தீங்க அண்ணே. அந்தச் செய்தியை இன்னும் அழிக்காம வச்சிருக்கேன். ஒரு நாள் வாசல்வரைக்கும் வருவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

பிரியமானவர்களே, இத்தனை ஆண்டு ஊழியத்தில் எத்தனையோ பேர் என்னைக் கடிந்துகொண்டிருக்கிறார்கள். அந்த வாக்கியத்தைப்போல் எதுவும் என்னைத் தொட்டதில்லை. அதில் குற்றச்சாட்டு இல்லை. காத்திருந்த கணக்கு மட்டுமே இருந்தது.

நான் வெளியே வந்து நின்றேன். மணி மூன்றரை. திரும்பினால் கமிட்டிக்குப் போய்விடலாம். படகுக்காரச் சகோதரரிடம், "உங்களுக்கும் வேலை இருக்குமே, கிளம்பலாமா?" என்றேன். என் அவசரத்தை அவர் தலையில் வைக்கப் பார்த்தேன் என்பதே உண்மை. அவர் கரையில் அமர்ந்தபடியே சொன்னார்: "இன்னிக்கு எங்க பாடு இல்லீங்க ஐயா. பாடு இல்லாத நாளு மனுசங்களப் பாக்குறதுக்குத்தானே?"

பாடு என்றால் என்னவென்று அறியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். இந்த ஏரியில் இறால் பிடிக்க வாய்ப்பான இடங்கள் சிலவே. வலிமையுள்ளவன் அவற்றைப் பிடித்துக்கொண்டால் எளியவனுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இங்குள்ள மீனவக் குப்பங்களின் முன்னோர் ஒரு முறையை வகுத்தார்கள். உரிமையுள்ள குடும்பங்கள் கூடிச் சீட்டுப் போட்டு, இன்ன இடத்தில் இன்னார் இன்ன நாளில் வலை கட்டுவது என்று தீர்மானிப்பார்கள். அந்த முறைக்கும் அந்த இடத்துக்கும் பாடு என்றே பெயர். தன் பாடு வரும் நாளில் ஒருவன் அங்கே வலை கட்டுவான். அடுத்தவனுடைய முறை வரும்போது அந்த இடத்தை விட்டு விலகியிருப்பான். விலகியிருக்கும் நாளும் அந்த ஒழுங்கின் ஒரு பகுதியே. அது வீணான நாள் அன்று.

நம் மொழியில் பாடு என்பது எத்தனை பொருள் தரும் சொல்! உழைப்பும் பாடு, துன்பமும் பாடு. கண்டும் காணாமல் போகும்போது, அவரவர் பாடு அவரவருக்கு என்கிறோம். தபசு காலத்திலோ கிறிஸ்துவின் பாடுகளைத் தியானிக்கிறோம். அவர் தம்முடைய பாட்டைப் பார்த்துக்கொண்டு பரலோகத்தில் இருந்துவிடவில்லை. நம்முடைய பாட்டைத் தம்முடையதாக்கிக்கொள்ள நம் வாசல்வரை வந்தார். இதைப் பலமுறை பிரசங்கித்த நான், ஒரு தாயின் வாசல்வரை வர இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன்.

கமிட்டித் தலைவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அந்தச் சகோதரி குழந்தையின் சின்னச் சட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். என் மனைவி அதை மடியில் வைத்து, மடித்து, மறுபடியும் விரித்து, மறுபடியும் மடித்தாள். மாலையில் மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டார்கள். புறப்படும்போது ஜெபிக்க வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. என் மனைவிதான் ஜெபித்தாள்.

இருட்டும் வேளையில் படகில் திரும்பினோம். அவள் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். அந்த வீட்டில் கழித்த நேரத்தை நோட்டில் எழுதவில்லை. அந்த நோட்டையே பிறகு நான் தொடவில்லை.

அன்று இரவு அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். கடற்கரையோரமாகப் பவுல் செய்த பயணத்தின் குறிப்பு அது. கோஸ் தீவு, ரோது, பத்தாரா, பின்பு தீரு, பித்தொலோமாய், செசரியா. இந்தப் பெயர்களை எத்தனையோ முறை வேகமாக வாசித்துக் கடந்திருக்கிறேன். அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். முந்தின அதிகாரத்தின் 16ஆம் வசனத்தில் பவுல் அவசரத்தில் இருக்கிறார். பெந்தெகொஸ்தே நாளுக்குள் எருசலேம் சேரவேண்டும் என்று எபேசுவையே ஒதுக்கிவிட்டுக் கடந்துபோகிறார். அப்படிப்பட்டவர் தீருவில் ஏழு நாள் தங்குகிறார். கப்பல் அங்கே சரக்கு இறக்கவேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு அது காத்திருப்பு. பவுலுக்கோ அது சீஷரைத் தேடிக் கண்டுபிடிக்கும் நேரம். பித்தொலோமாயில் ஒரே நாள். அந்த ஒரு நாளும் சகோதரரோடு. செசரியாவில் பிலிப்புவின் வீடு. தீருவை விட்டுப் புறப்படுகையில் ஆண்களோடு பெண்களும் பிள்ளைகளும் பட்டணத்துக்கு வெளியே வந்து, கரையில் எல்லோரும் முழங்கால்படியிட்டார்களே, அந்தக் காட்சி ஒரு வாரத் தங்கலின் கனி. அவசரம் பாவம் அன்று. பவுலுக்கும் அவசரம் இருந்தது. எங்கே நிற்கவேண்டும் என்பதை மட்டும் அவர் அவசரத்தினிடம் விட்டுவிடவில்லை.

பின்னொரு நாளில் அவரே கைதியாகக் கப்பலேறினார். 27ஆம் அதிகாரம் அதைச் சொல்லுகிறது. சீதோனில் கப்பல் நின்றபோது நூற்றுக்கு அதிபதியாகிய யூலியு, நண்பர்களிடம் போய்வர அவருக்கு அனுமதி தந்தான். புயலும் கப்பற்சேதமும் அதற்குப் பின்பே வந்தன. புயலுக்கு முன் தேவன் அருளிய ஓர் இளைப்பாறுதலாகவே அந்தச் சந்திப்பை நான் காண்கிறேன்.

வேதத்தில் கணவனும் மனைவியுமாய்க் கப்பலேறியவர்களும் உண்டு. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கெங்கிரேயாவிலிருந்து பவுலோடு எபேசுவுக்குப் பயணமானார்கள். கூடாரம் செய்து பிழைத்த உழைப்பாளிகள். புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் அவர்கள் பெயர் வருகிறது. ஆறிலும் சேர்ந்தே வருகிறது. தொழிலும் ஊழியமும் பயணமும் அவர்களைப் பிரிக்கவில்லை. அவர்களுடைய வீடு சபை கூடும் இடமாயிற்று. ஒருவரையொருவர் வாசற்படியில் மட்டும் பார்த்துக்கொண்டவர்களால் அப்படியொரு வீட்டைத் திறந்துவைக்க முடிந்திராது.

எங்கள் பயணத்துக்கு மறு ஆண்டு, 2011 கிறிஸ்துமஸ் நாளில், அதே பழவேற்காட்டு நீரில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். பண்டிகை நாளில் மகிழ்ச்சியாய்ப் புறப்பட்டவர்கள். அதற்குப்பின் அங்கே சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. நாங்களும் அன்று பாதுகாப்பு உடுப்பு எதுவும் அணியாமலே சென்றோம். நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது. அவர்கள் ஏன், நாங்கள் ஏன் அல்ல என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இருப்பதுபோல் பேசவும் மாட்டேன். அந்தக் குடும்பங்களுக்காக ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் எங்கள் வீட்டில் ஜெபிக்கிறோம். அடுத்த மாதம் போகலாம், பிள்ளைகள் வளர்ந்தபின் போகலாம் என்று சந்திப்புகளைத் தள்ளிவைக்கும் உரிமை நமக்கு எழுதித் தரப்படவில்லை என்பதை மட்டும் அறிந்திருக்கிறேன்.

இன்று நம் ஊர் மாறிவிட்டது. ஆலைகளின் விளக்குகள் இரவெல்லாம் எரிகின்றன. 2020இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கத்தில் கிருஷ்ணா நீர் நிற்கிறது. வேலை கிடைத்ததற்காகத் தேவனைத் துதிக்கிறோம், துதிக்கவும் வேண்டும். ஆனால் ஷிப்ட் அட்டவணையில் உங்களுக்கு விடுமுறை என்று போட்டிருக்கும் அந்த ஒரு நாளை, தூக்கத்துக்கும் கைப்பேசிக்கும் முழுவதுமாய்க் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் பாடு இல்லாத நாள். முதலில் உங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருங்கள். பிறகு கணவனும் மனைவியுமாக ஒரே ஒரு வீட்டுக்குப் போங்கள். ஜெபிக்கிறோம் என்று நீங்கள் என்றோ செய்தி அனுப்பிய ஒரு வீடு இருக்கும். ஏரியும் படகும் வேண்டாம், பேருந்து போதும். கையில் எதுவும் கொண்டுபோகவேண்டிய அவசியமும் இல்லை.

ஞாயிறு என்னிடம் வந்த தம்பதியருக்கு இருவருக்கும் பொதுவாக மாதத்தில் இரண்டு விடுமுறை நாட்கள் வருகின்றனவாம். அதில் ஒன்றில் எங்கள் வீட்டுக்கு வரும்படி அழைத்திருக்கிறோம். மீன் குழம்பு வைப்பதாக என் மனைவி சொல்லியிருக்கிறாள். அன்று மாலை கமிட்டி எதுவும் இல்லை.

ஜெபம்: அன்பின் பரலோகத் தகப்பனே, எங்கள் பாட்டைச் சுமக்க எங்கள் வாசல்வரை உம்முடைய குமாரனை அனுப்பினீரே, உமக்கு நன்றி. நாங்கள் போகாமல் கடந்த வாசல்களுக்காக எங்களை மன்னியும். உழைக்கும் நாளில் உண்மையையும், ஓய்வு நாளில் அன்பையும் தாரும். வேலை நேரத்தால் பிரிந்திருக்கும் ஒவ்வொரு கணவனையும் மனைவியையும் ஒரே மேசையில் அமரச்செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.