வட்டாரச் செய்திக்கு யார் விலை கொடுப்பது?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதா, ஐந்தருவியில் குளிக்க விடுகிறார்களா என்று அறிய இன்று யாரும் காலைப் பேப்பருக்குக் காத்திருப்பதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். மக்கள் சிதறி ஓடும் காட்சி, மறுநாள் பேப்பர் வருமுன்பே கைபேசிகளில் சுற்றிவந்துவிட்டது. முந்திச் சொல்லும் வேலை நாளிதழின் கையைவிட்டுப் போய்விட்டது. அதற்காக அழ வேண்டியதில்லை. ஆனால், மலையில் மழை கொட்டும்போது கீழே குளிப்பவர்களை எச்சரிப்பது யார் பொறுப்பு, அடுத்த சீசனுக்குள் அதற்கு ஏற்பாடு நடந்ததா என்பதையெல்லாம் அந்தக் காட்சி சொல்லாது. பரபரப்பு அடங்கிய பிறகும் அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கேட்க ஒரு நிருபர் வேண்டும். நாளிதழ் பிழைக்குமா என்று கேட்பவர்கள் காகிதத்தையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, அந்த நிருபருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை.

பத்திரிகை வட்டாரத் தேவையில் பிறப்பது என்பதற்கு இப்பகுதியின் வரலாறே சாட்சி. செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தபோது, 1951இல், தினமலர் திருவனந்தபுரத்தில் தொடங்கியது; தமிழ்ப் பகுதிகளின் இணைப்புக் கோரிக்கைக்குக் குரல் கொடுத்தது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மறு ஆண்டே அந்த நாளிதழும் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. 2019 நவம்பரில் குற்றாலமும் செங்கோட்டையும் அடங்கிய தென்காசி தனி மாவட்டமானதும் கேள்வி கேட்க வேண்டிய அலுவலகங்கள் பெருகின. கேட்க வேண்டிய ஆட்களும் அதற்கேற்பப் பெருகியிருக்க வேண்டும்.

உள்ளூர் யூடியூப் சேனல்கள் அந்த வேலையைச் செய்யாவா? சில செய்கின்றன, நன்றாகவே. ஆனால் அவற்றின் வருமானம் பார்வை எண்ணிக்கையைப் பொறுத்தது. அருவியில் ஆர்ப்பரிக்கும் கூட்டத்துக்குக் கிடைக்கும் பார்வை, சாலை டெண்டருக்குக் கிடைக்காது. பத்திரிகைகள் மட்டும் யோக்கியமா, ஊர் நிருபரையே விளம்பரம் பிடிக்க அனுப்புவதில்லையா என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். பேப்பரின் விலை அதை அச்சிடும் செலவுக்கே போதாது. குறையை விளம்பரம்தான் ஈடுகட்டிவந்தது. அதில் கணிசமான பங்கு கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போன பிறகு, மிஞ்சிய விளம்பரதாரரைப் பகைத்துக்கொள்ளும் துணிவும் குறைகிறது. ஆகவே பத்திரிகை காகிதத்தில் வரட்டும், திரையில் வரட்டும், வாரம் ஒருமுறைகூட வரட்டும். தென்காசிச் செய்திக்குத் தென்காசி வாசகர் சந்தா கட்டாவிட்டால் வேறு யாரோ பணம் கொடுப்பார்கள். செய்தியும் அவர்களுக்கு வேண்டியபடிதான் இருக்கும்.