ரெண்டு மேற்கோள் குறி, ரெண்டு நாள் தூக்கம்

போன வாரம் பொட்டி தட்டுற இடத்துல நடந்த கூத்து இது. வெளி கம்பெனி ஒண்ணோட வெப் ஏபிஐ-ல இருந்து மருந்து ஆர்டர் பட்டியலை வாங்கி பிரவுசர்ல காட்டணும். பக்கத்துலயே 'ரத்து செய்' பட்டன். அவ்ளோதான் வேலை. வர்றது ஜேசான். அதைப் பார்ஸ் பண்றதுல என்ன பெரிய கஷ்டம்னு நானே எழுதிட்டேன்.

சோதனையில பாதி ஆர்டர் ஒழுங்கா ரத்தாச்சு. சிலதுக்கு 'அப்படி ஒரு ஆர்டரே இல்லை'ன்னு பதில். இன்னும் சிலதை ரத்து பண்ணினா வேற யாரோட ஆர்டரோ ரத்தாகுது! நல்லவேளை, டெஸ்ட் சர்வர். நிஜத்துல நடந்திருந்தா ஏதோ ஒரு வீட்டுக்கு மருந்து போயிருக்காது.

ரத்து பண்ற பகுதியை எழுதினது டீமுக்குப் புதுசா வந்த தம்பி. "ஐடியை எங்கயோ குழப்பி வெச்சிருக்கப்பா"ன்னு எல்லார் முன்னாடியும் கடிச்சு வெச்சேன். "அண்ணா, பைத்தான்ல ஓட்டினா சரியா வருதுண்ணா"ன்னான். நான் காதுலயே வாங்கல.

ரெண்டாவது நாள் ராத்திரி, டேமேஜர் கிளம்பினப்புறம், டெவலப்பர் டூல்ஸைத் திறந்தேன். ரெஸ்பான்ஸ் டேப்ல 9007199254740993. பக்கத்து ப்ரிவியூ டேப்ல 9007199254740992. கண்ணைக் கசக்கிட்டுப் பார்த்தேன். அதேதான்.

விஷயம் இதுதான். ஜாவாஸ்கிரிப்ட்ல சாதாரண எண் எல்லாமே 64 பிட் மிதவைப் புள்ளி எண்தான். அதுல முழு எண் துல்லியமா நிக்கிறது 2-இன் அடுக்கு 53 வரைக்கும். அதைத் தாண்டினதும் ஒற்றைப்படை எண்ணுக்கு இடமே இல்லை, பக்கத்து இரட்டைப்படைக்குத் தள்ளிடும். பிழைச் செய்தி ஒண்ணும் வராது. பாதி ஆர்டர் சரியா போன ரகசியம் இதுதான். பைத்தான் முழு எண்ணை அப்படியே வெச்சுக்கும், அதனால தம்பிக்கு சரியா வந்துச்சு.

இது ஒண்ணும் புதுசும் இல்லை. 2010-லயே ட்விட்டர் ஐடி பெருசாகி, இதே காரணத்துக்காக ஐடியை எழுத்துச் சரமா தர்ற தனி புலம் சேர்த்தாங்க. 2017-ல வந்த ஜேசான் தரமான ஆர்எஃப்சி 8259-லயும் இந்த எல்லையைப் பத்தி எச்சரிக்கை இருக்கு. நான்தான் படிக்கல.

அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டோம். ஐடியைச் சுத்தி ரெண்டு மேற்கோள் குறி போட்டு அனுப்பினாங்க. தீர்ந்தது பிரச்சினை.

மறுநாள் தம்பிகிட்ட, திட்டின மாதிரியே எல்லார் முன்னாடியும், "தப்பு என்னோடது"ன்னு சொன்னேன். சிரிச்சுட்டே, "டீ வாங்கிக் குடுங்கண்ணா"ன்னான். வடையும் சேர்த்தே வாங்கிக் குடுத்தேன்.