ரூவான் தேவாலயமும் எங்கள் தெருவும்

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

ஒரு கட்டடத்தை ஓர் ஓவியர் ஒருமுறை வரையலாம், இருமுறை வரையலாம். முப்பது முறைக்கு மேல் வரைவாரா? வரைந்தார், பிரான்சு நாட்டு மோனே! 1892, 1893 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ரூவான் நகரின் பழைய தேவாலயத்துக்கு எதிரே அறை பிடித்து அமர்ந்தார். அப்படி அமர்ந்த இடங்களுள் ஒன்று பெண்களுக்கான துணிக்கடை. வெயில் நகர நகர ஒரு படத்தை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். அதே கல் ஒன்றில் நீலமாகவும் இன்னொன்றில் பொன்னாகவும் நிற்கிறது.

ஆரணியில் நெசவாளர் வீட்டில் பிறந்தவனுக்கு இது பெரிய வியப்பில்லை. பாவு நீலம், ஊடை பச்சை என நெய்த மயில்கழுத்துப் புடவையைச் சற்றே திருப்பினால் நிறம் மாறும். புடவை எடுக்க வருகிறவர்கள் கடை விளக்கை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். "ராத்திரி வெளிச்சத்துல நிறம் சொல்றவன் நெசவாளி இல்லடா" என்பார் அப்பா. விழும் ஒளியில் இல்லாத நிறத்தைத் துணி திருப்பித் தராது என்ற காரணத்தை நான் கல்லூரியில்தான் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கியவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது.

ஆயினும் மோனேயிடம் எனக்கொரு குறை உண்டு. ரூவான், பருத்தித் துணிக்குப் பெயர்பெற்ற ஊர். அவர் படங்களில் கல் இருக்கிறது, ஒளி இருக்கிறது, ஊரைக் காணோம். 1895இல் பாரிசில் அவற்றைக் கண்டு வியந்த பிசாரோ, மறு ஆண்டு ரூவானில் தங்கி, பாலத்தையும் புகைபோக்கிகளையும் துறையையும் வரைந்தார். ஒரு படத்தில் தேவாலயம் பின்னே நிற்க, முன்னே முழுவதும் பழைய வீட்டுக் கூரைகள். எனக்கு அதுதான் பிடிக்கிறது. 1944 குண்டுவீச்சில் தேவாலயம் சிதைந்தது. அதற்கும் ஆற்றுக்கும் இடையிலிருந்த பழைய வீடுகள் பல அழிந்தன. தேவாலயத்தைச் செப்பனிட்டார்கள். 2024 ஜூலையில் அதன் கோபுரத்தில் தீப்பிடித்தபோது உலகமே பதறிப் பார்த்தது. அந்த வீடுகளுக்காக யார் பதறினார்கள்?

எங்கள் தெருவிலும் ஓடுகள் போய்த் தளங்கள் வருகின்றன. தறிச் சத்தம் குறைந்துவிட்டது. என் வயதுப் பிள்ளைகள் விடியலில் செய்யாறு சிப்காட் பேருந்துக்காக நிற்கிறார்கள். வரைந்து வைக்கத்தான் ஆளில்லை.

இருவர் படங்களையும் வண்ணத்தில் அச்செடுத்து அப்பாவிடம் காட்டினேன். மோனேயின் படங்களைக் காலை, உச்சி, சாயங்காலம் என்று தாமே பிரித்து அடுக்கினார். பிசாரோவின் கூரைகளை நெடுநேரம் பார்த்தார். அதில் வானம் மூடிக் கிடக்கும்.

"இன்னிக்கு இந்தத் தெருவுல பாவு நீட்ட முடியாதுடா" என்றார்.