எந்தத் தளம்

கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறினால் தேக்கடி. அம்மாவுக்கு 76 வயது, மகனுக்கு 6. இருவரையும் ஒரே படகில் ஏற்றும் பொறுப்பு எனக்கு.

மகன் மேல்தளம் கேட்டான். அங்கிருந்தால்தான் யானை தெரியுமாம். படியேற அம்மாவின் முழங்கால் ஒப்பவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரட்டைத்தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகங்களைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்ததில் படகு சாய்ந்ததாகச் சொன்னார்கள். பார்க்கும் ஆசையில் தவறில்லை. எல்லோரும் ஒன்றையே, ஒரே சமயத்தில் பார்க்க விரும்புவதில்தான் ஆபத்து. இலக்கியக் கூட்டங்களில் நான் பலமுறை கண்டதுதான்.

கீழ்த்தளத்தில் உட்கார்ந்தோம். சேலைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் கட்டிக்கொள்ள அம்மா கூச்சப்பட்டாள். விடவில்லை, கட்டிவிட்டேன். 1895இல் முடிந்த அணையால் மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்னும் நீரில் நிற்கின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்கள். யானை வரவில்லை.

“நம்ம வயலுக்கு வர்ற தண்ணிதானப்பா இது?” என்றாள் அம்மா. ஆமாம் என்றேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் எதிர்ப்பக்கக் கரையை.

படகு சாயாமல் போயிற்று.