பாம்பன் காற்றும் ஒரு பழைய காரின் ஸ்டீயரிங் பைப்பும்

தங்கச்சிமடத்தில் ஒரு வாரம் எண்ணெய் காட்டாமல் விட்டால் சைக்கிள் செயின் பழுப்பாகிவிடும். ஜன்னல் கம்பி, கேட்டின் கீல், மாடியில் துணி காயும் கம்பி என எதுவும் தப்பாது. ராமேஸ்வரம் தீவில் வீடு கட்டுகிறவர்கள் பெயின்ட் செலவை ஒருமுறைச் செலவாக எழுதுவதில்லை, வருஷச் செலவாகத்தான் எழுதுகிறார்கள்.

இரும்புக்கு இந்த ஊர் எப்படிப்பட்டது என்று கேட்டால் பாம்பனே பதில் சொல்லும். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பாற்றவே தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வேலை பார்த்தார்கள். கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும், கடற்காற்றைத் தாங்குவதற்கென்றே தயாரான பூச்சையும் பயன்படுத்தினார்கள். இந்தக் காற்று இரும்பை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்தில் ஒரு மையம் இருக்கிறது. உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் வைத்துவிட்டு, எவ்வளவு கரைந்தது என்று அளப்பார்கள்.

அதே அளவை இன்னொரு விதமாகத் தெரிந்துகொள்பவர்கள் தீவின் டூரிஸ்ட் கார் ஓட்டுநர்கள். வண்டியின் மேல்பக்கம் பளபளவென்று இருக்கும். அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும் கதை.

தங்கச்சிமடத்துக்காரர் ஒருவரிடம் பதினைந்து வருஷத்துக்கு மேலான ஏழு பேர் அமரும் டீசல் வண்டி இருக்கிறது. தை அமாவாசைக்கு நான்கு நாள் இருக்கும்போது காலையில் வண்டியை எடுத்தால், நின்ற இடத்தில் மண்ணில் ஒரு சிவப்புக் கறை. ஸ்டீயரிங் திருப்பும்போது பம்ப் முனகியது. அமாவாசைக்கு மூன்று நடை புக்கிங் வாங்கியாயிற்று. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அமாவாசை அடுத்த வாரம் வராது.

விசைப்படகு இன்ஜின் பார்க்கும் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். அவர் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்து, பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்பைச் சுரண்டினார். செதில் செதிலாக வந்தது. கிளிப்புக்கும் பைப்புக்கும் நடுவே ரப்பர் இருக்கிறதே, அங்கேதான் மணலும் உப்பும் தங்கி ஈரம் காயாமல் கிடக்கும். வெளியே தெரியும் பைப் நன்றாகவே இருக்க, கிளிப்புக்கு அடியில் காகிதம்போல மெலிந்திருந்தது.

“கெட்ட இடத்தை வெட்டிட்டு ரப்பர் ஹோஸ் சொருகி ரெண்டு கிளிப் போட்டா அமாவாசை ஓடிடாதா மாப்ள?”

“திரும்பி வர்ற பைப்புன்னா போட்டுக்கலாம் மச்சான். இது பிரஷர் பைப்பு. பிச்சுக்கிட்டுப் போயிரும்.”

பவர் ஸ்டீயரிங்கில் இரண்டு வழி இருக்கிறது. இன்ஜின் பெல்ட்டில் சுற்றும் பம்ப், ஆயிலை அழுத்தி ஸ்டீயரிங் பாக்ஸுக்கு அனுப்பும் வழி ஒன்று. வேலை முடிந்த ஆயில் சாதுவாக டேங்குக்குத் திரும்பும் வழி இன்னொன்று. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30, 35 பிஎஸ்ஐ. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது பிரஷர் பைப்புக்குள் அழுத்தம் 1,000 பிஎஸ்ஐ-யைத் தாண்டிவிடும். அந்த இடத்தில் கிளிப் போட்ட ஹோஸ் நிற்காது. பிய்த்துக்கொண்டால் ஸ்டீயரிங் அறுந்துபோகாது, ஆனால் திடீரென்று கல்லாகக் கனக்கும். ஒதுங்க இடமில்லாத பாம்பன் சாலைப் பாலத்தில், பின்சீட்டில் ஒரு குடும்பம் இருக்கும்போது அது நடந்தால்? பீய்ச்சும் ஆயில் சூடான சைலன்ஸர் குழாயில் பட்டால் தீயும் பிடிக்கும்.

அன்று இரவே நட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டார்கள். மறுநாள் தீவு மணலில் ஜாக்கி புதையாமலிருக்க அடியில் தடிப்பலகை. தூக்கியபின் ஸ்டாண்ட் வைத்துத்தான் உள்ளே நுழைந்தார் மச்சினர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

சாதாரண ஸ்பேனர் போட்டதும் நட்டின் முனை மழுங்க ஆரம்பித்தது. இங்கேதான் பலர் கோபத்தில் சுத்தியலை எடுப்பார்கள். அவர் ஹேக்ஸா பிளேடை எடுத்தார். எப்படியும் தூக்கிப்போடப்போகும் பைப்தானே? நட்டை ஒட்டிப் பைப்பை அறுத்துவிட்டால் பாக்ஸ் ஸ்பேனர் முழுசாக உட்காரும். பாத்திரத்தில் ஆயில் வடிந்தது. ஒரு மணி நேரம் அடம்பிடித்த நட்டு, அரைச் சுற்றில் கழன்றது.

அறுத்த பைப் துண்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு கார்க்காரர் மதுரைக்குப் பஸ் ஏறினார். பழையதை மாதிரியாகக் கொடுத்தால் அதே வளைவுக்குப் புது பைப் வளைத்து, நடுவில் பிரஷர் ஹோஸ் வைத்து மெஷினில் அழுத்தித் தரும் கடைகள் அங்கே இருக்கின்றன. புது வாஷரும் ஓ-ரிங்கும் சேர்த்து வாங்கினார். சில ரூபாய் வாஷருக்குக் கஞ்சத்தனம் பார்த்து மறுபடி முழு வேலையும் செய்தவர்கள் உண்டு. ஆயில் மட்டும் டேங்க் மூடியில் எழுதியிருக்கும் வகையேதான் வேண்டும்.

பூட்டுவது சுலபம். முதலில் கையால் திருகி, மரை சரியாக ஏறுகிறது என்று தெரிந்தபின்தான் ஸ்பேனர். பொறுமை வேண்டியது காற்றெடுப்பதில். முன்சக்கரங்கள் அந்தரத்தில் இருக்க, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்பவேண்டும். இருபது தடவைக்குக் குறையாது. டேங்கில் குமிழி வரும், ஆயில் இறங்கும், ஊற்றவேண்டும். கார்க்காரரின் மகள் டேங்க் பக்கத்தில் நின்று, “குமிழி வருதுப்பா… வருது… இப்ப இல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதன்பிறகுதான் இன்ஜின். ஸ்டீயரிங்கைக் கோடியில் சில விநாடிக்குமேல் பிடித்து வைக்கக்கூடாது, பம்ப் சூடாகும். கசிவு இருக்கிறதா என்று கையால் தடவியும் பார்க்கக்கூடாது. ஊசித்துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டையைக் காட்டினால் போதும், கறை பட்டால் தெரிந்துவிடும். அட்டை காய்ந்தபடியே இருந்தது.

மறுநாள் விடியலில் காலி வண்டியோடு இரண்டு பேரும் அரிச்சல்முனைக்குப் போனார்கள். 1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர் கடந்தது. 2017-ல் இந்தச் சாலை வருவதற்குமுன் வேன்கள் மணலிலும் கடல் நீரிலுமாகத்தான் தனுஷ்கோடிக்குப் போய்வந்தன. அந்த வண்டிகளின் அடிப்பாகம் என்ன பாடுபட்டிருக்கும் என்று மச்சினர் கேட்டதற்கு, அந்தக் காலத்தில் அதில் ஓடிய கார்க்காரர் சிரித்தார்.

தார் முடியும் இடத்தில் சிங்கத் தூணைச் சுற்றித்தான் எல்லா வண்டியும் திரும்பியாக வேண்டும். வாடைக்காற்றில் மணல் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. கார்க்காரர் ஒற்றைக் கையால் திருப்பினார். முனகல் இல்லை. வேண்டுமென்றே இன்னொரு சுற்றும் சுற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஹோஸை எடுத்து வண்டியின் அடியில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சினார்கள். கிளிப் இருக்கும் இடத்தில் கூடக் கொஞ்ச நேரம்.