வில்நெவ்: பெயர்க் குறிப்புகள்

பிரான்சில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு வில்நெவ் தட்டுப்படும். 'வில்' ஊர், 'நெவ்' புதியது. புது ஊர். பாரிசில் இரண்டே அசையில் சொல்லி முடித்துவிடுவார்கள். தெற்கே எழுத்திலுள்ள உயிரொலிகளையெல்லாம் ஒலித்து நான்கு அசையாக நீட்டுவார்கள்.

*

பாரிசுக்குத் தெற்கே செய்ன் ஆற்றங்கரையில் வில்நெவ்-சான்-ழோர்ழ் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மடாதிபதி இர்மினோன் எழுதவைத்த நிலக்கணக்கு ஏட்டிலேயே அது 'வில்லா நோவா' என்று பதிவாகிவிட்டது. அப்போது 'வில்லா' என்பதற்குப் பண்ணை என்று பொருள். நகரம் என்ற பொருள் பிறகு வந்தது. அந்தப் புதுப்பண்ணைக்கு இன்று வயது ஆயிரத்து இருநூறு.

*

ஆனால் பெரும்பாலான வில்நெவ்கள் 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை, காடு வெட்டி வயலாக்கிய காலத்தவை. நிலம் கிடந்தது, உழ ஆள் இல்லை. பிரபுக்களும் மடங்களும் சலுகை காட்டி ஆளை அழைத்தார்கள்: வாடகை இவ்வளவுதான், வரி இவ்வளவுதான், கூலியில்லா வேலை குறைவு என்று சாசனம் எழுதித் தந்தார்கள். அப்படி வந்து குடியேறியவரை ஆவணங்கள் 'ஓத்', அதாவது விருந்தாளி, என்று குறித்தன. அரசர் ஏழாம் லூயி 1155இல் லோரிஸ் ஊருக்குத் தந்த சாசனப்படி, பழைய எஜமான் உரிமை கோராமல் ஓராண்டும் ஒரு நாளும் அங்கே வாழ்ந்துவிட்டவன் சுதந்திரமானவன். அதே அரசர் 1163இல் யோன் ஆற்றங்கரையில் நிறுவிய வில்நெவ்வுக்கும் லோரிசின் சலுகைகளே கிடைத்தன.

ஆகவே அந்தக் காலத்துப் பண்ணையடிமை ஒருவனின் காதில் 'புது ஊர்' என்ற பெயர் வெறும் அடையாளமாக விழுந்திருக்காது. அது 'வா' என்ற அழைப்பு. பக்கத்துப் பெயர்களும் அதையே சொல்கின்றன: வில்ஃப்ரான்ஷ் என்றால் கட்டற்ற ஊர், சோவ்தேர் என்றால் பாதுகாப்பான மண்.

*

வடக்கிலும் கிழக்கிலும் சொற்கள் இடம் மாறி நெவ்வில் ஆகும். தெற்கே ஷாத்தோநெஃப் (புதுக்கோட்டை) என்றால் அங்கே நெஃப்ஷாத்தோ. பெயரடையை முன்னே வைக்கும் ஜெர்மானியப் பேச்சுப் பழக்கம் அப்பகுதிகளில் ஊறியிருந்ததே காரணம் என்கிறார்கள் ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள்.

வில்நெவ்-லெ-அவிஞ்ஞோன்: இதிலுள்ள 'லெ' பன்மைச் சுட்டு அல்ல, 'அருகே' என்று பொருள்படும் பழஞ்சொல். ஊர்ப்பெயர்களில் மட்டுமே இன்னும் உயிரோடிருக்கிறது.

கோரமண்டல் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரும் புது ஊர்தான். புதுச்சேரியை அவர்கள் வில்நெவ் என்று மாற்றவில்லை. பொந்திஷெரி என்று தங்கள் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டார்கள். அதனால் மூலப் பெயர் பிழைத்தது.

*

1970இல் லீல் நகருக்கருகே அனாப், ஆஸ்க், ஃப்ளேர் மூன்றையும் இணைத்து ஒரு புதுநகரம் அமைத்தார்கள். அதற்கும் வில்நெவ் என்றே பெயர். எட்டு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தச் சொல் வேலை செய்கிறது! ஆனால் முழுப்பெயர் வில்நெவ்-தாஸ்க். 1944 ஏப்ரலில் நாஜி எஸ்.எஸ். படை ஆஸ்க் கிராமத்தில் 86 பேரைச் சுட்டுக் கொன்றது. மூன்று ஊர்களில் அந்த ஒன்றின் பெயர் அழியாமல் நின்றது சரியான முடிவு.

*

குடும்பப்பெயர். வில்நெவ்வுக்குள் யாரையும் வில்நெவ் என்று அழைத்து அடையாளம் காண முடியாது. அங்கே எல்லோருமே வில்நெவ்காரர்கள். ஊரை விட்டு வந்தவனுக்குத்தான், வந்த இடத்தில், அந்தப் பெயர் ஒட்டும். பிரபுக் குடும்பங்கள் வேறு. 'தெ வில்நெவ்' என்பது அவர்களுக்கு நில உரிமை. மற்றவர்களுக்கு இந்தப் பெயர், எப்போதோ ஒரு மூதாதை மூட்டை கட்டிக் கிளம்பியதற்கான சான்று.

மருத்துவர் ஆர்னோ தெ வில்நெவ் 1311இல் இறந்தார். கட்டலான் மொழியில் அவர் அர்னவ் தெ விலனோவா. எந்த விலனோவா என்ற சண்டை நெடுங்காலம் நடந்தது. புது ஊர்கள் அத்தனை இருந்தன.

இறையியலாளர் மிகேல் செர்வெத்துக்கு அதே பொதுமை மறைவிடம் தந்தது. அரகோனில் உள்ள வில்லனுவெவா தெ சிஹேனாவைச் சேர்ந்தவர். தேடப்பட்டபோது சொந்த ஊர்ப்பெயரையே பிரெஞ்சாக்கி 'மிஷெல் தெ வில்நெவ்' ஆனார். வியென் நகரில் அந்தப் பெயரில் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்தார். 1553இல் ஜெனீவாவில் எரிக்கப்பட்டார். பெயரில் பொய் சொல்லாமல் ஒளிந்திருந்த மனிதர் என்று அவரை நினைத்துக்கொள்கிறேன்.

டிரஃபால்கரில் 1805இல் தோற்ற கடற்படைத் தளபதி பியேர்-ஷார்ல் வில்நெவ் பிரபு குலத்தவர். புரட்சியை ஏற்று 'தெ'யைத் தானே துறந்தவர்.

*

இன்று இந்தப் பெயரை உலகம் கியூபெக் வழியாகவே அறிகிறது: பந்தயக் கார் ஓட்டிய ழில் வில்நெவ், அவர் மகன் ழாக், 'டூன்' எடுத்த தெனி வில்நெவ். ஒரே பெயர் என்பதால் உறவு என்று கொள்ள முடியாது. அங்கே 'தித்' என்ற வழக்கம் வேறு இருந்தது: குடும்பப்பெயரோடு ஒரு மாற்றுப்பெயர். 17ஆம் நூற்றாண்டில் நியூ பிரான்சில் மொழிபெயர்ப்பாளராக இருந்த மத்தியூ அமியோ 'வில்நெவ்' என்ற மாற்றுப்பெயரும் கொண்டவர். பின்வந்தவர்களில் சிலர் அமியோவையும் சிலர் வில்நெவ்வையும் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே கியூபெக்கில் வம்சாவளி தேடும் ஒரு வில்நெவ், அமியோ பெயரிலும் பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்கும்.